பதினொன்றாவது வேலை

எங்கள் ஊரில் யாரும் பாண்டிச்சேரிக்குப் போவதை வெளியே சொல்லக்கூடாது. வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்று சொல்லலாம், கடலில் விழப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். பாண்டிக்கு என்று வாயைத் திறந்தால் தொலைந்தோம். கவர்மெண்டு அங்கே இருக்கிறது, நாங்கள் இங்கே காரைக்காலில் இருக்கிறோம், நடுவில் நாலு மணி நேரத்துக்குத் தமிழ்நாடு கிடக்கிறது. அதனால் ஒருவர் பஸ் ஏறப் போகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவில் ஆளுக்கொரு வேலையை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஃபைல் பார்ப்பது, கவர் கொடுப்பது, மருந்து வாங்குவது. எல்லாமே ஒரு எட்டு வேலை, அஞ்சு நிமிஷ வேலை.

இது தெரிந்திருந்தும் என் வீட்டுக்காரர் சார்லஸ் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர். காலையில் இருபத்திரண்டு வாசலில் வண்டி நிறுத்துகிறார். இருபத்திரண்டு வாசலிலும், "வெள்ளி, சனி வேன் வராதுங்க, மாத்து டிரைவர் வருவாரு, பாப்பாவுக்குப் பாண்டியில காலேஜ் பார்க்கப் போறோம்" என்று அறிக்கை விட்டுவிட்டு வந்தார்.

"உங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றியா ஜோஸ்பின்?"

அவர் பொய் சொல்லமாட்டார். முடியாது என்றும் சொல்லமாட்டார். இந்த இரண்டும் சேர்ந்த மனிதனைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டை மாதாவிடம்தான் சொல்லவேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், சில்வியா. பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். இயற்பியல் படிக்கவேண்டும் என்கிறாள். மூன்று கல்லூரிகளில் எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று வரிசைப்படுத்தி ஆன்லைனில் அனுப்பவேண்டும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசி. எது வேண்டும் என்று கேட்டால், "பார்த்தாத்தான்மா சொல்ல முடியும்" என்பாள். வேறு பேச்சே கிடையாது. அவளுடைய அத்தை சொன்னாள், டீச்சர் சொன்னார், கூடப் படித்தவள் சொன்னாள். எல்லோருக்கும் அதே பதில்தான்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் பாண்டியில் இடம் கிடைத்தது. கடலூர் ரோட்டில் ஒரு மகளிர் கல்லூரி, வேதியியல். அப்பா செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அண்ணன் அந்தோணிமுத்துதான் வீட்டுக்குப் பெரியவர். "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று விடியற்காலையில் கிளம்பினார். ராத்திரி திரும்பி வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "காலேஜு நல்லாத்தான் இருக்கு. ஹாஸ்டல் தண்ணிதான் உப்புக் கரிக்குது ஜோசு. ஒனக்கு ஒத்துக்காது."

அவ்வளவுதான். சரிண்ணே என்றேன். பாரதியார் வீதியில் மன்சூர் அலி பாயின் மருந்துக்கடையில் பில் போட உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. இதில் பெரிய கூத்து என்னவென்றால், எங்கள் வீட்டு மோட்டார் தண்ணியே உப்புதான். கடலோர ஊர், வேறு எப்படி இருக்கும்? சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உப்புத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவளை உப்புத் தண்ணி ஒத்துக்காது என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். அதை அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பதினேழு வயசில் அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் என் பெண் கல்லூரியைத் தன் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இன்னொருத்தர் வாயால் பார்க்கக்கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் சார்லஸ் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தார். மூன்று கல்லூரிக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். லாஸ்பேட்டையில் இருப்பது ஒன்றாம் காலேஜ். காலாப்பட்டுப் பக்கம் இருப்பது குமிழ்க் காலேஜ். அதன் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்த ஒரு சின்னக் குமிழ்க்கூரை உண்டு, சில்வியா அதைப் போனில் படமாக வைத்திருந்தாள். மூன்றாவது, கடலூர் ரோட்டில் என்னுடைய பழைய கல்லூரி. அதற்குப் பெயர் உப்புத்தண்ணிக் காலேஜ்.

"வெள்ளி காலையில ஒண்ணாவது, மத்தியானம் குமிழ், சாயங்காலம் பீச்சு. சனி காலையில சுண்ணாம்பாத்துல போட் சவாரி, அப்புறம் உப்புத்தண்ணி, ரெண்டு மணிக்கு ஊருக்கு வண்டி" என்று சார்லஸ் படித்தார். அழகாகத்தான் இருந்தது. அவர் இன்னும் பேனாவை மூடவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு லோகாம்பாள் அக்கா. வீட்டுக்காரர் இறந்து அவருடைய பென்ஷன் ஃபைல் பாண்டியில் எங்கேயோ நிற்கிறது.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. ஒரு எட்டு போய் ஃபைலு எந்த மேசையில இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வந்துடு."

"அதுக்கென்னக்கா, போற வழிதானே" என்றார் சார்லஸ். எந்த வழி என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் கடைக்குப் போனால் மன்சூர் அலி பாய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். தேதி முடியப்போகிற மருந்துகள், பாண்டியில் மொத்தக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். "இன்ஷா அல்லா அஞ்சு நிமிஷ வேலைதாம்மா" என்றார். லீவு கொடுத்த முதலாளியிடம் என்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் நெரவியிலிருந்து செல்லையன் தாத்தா சைக்கிளில் வந்துவிட்டார். அவர் பேரன் எங்கள் வேனில் போகிறவன். தாத்தாவுக்கு மாதா மாதம் பெரியாஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை, அதற்கான சீட்டு. அப்புறம் தையல்கார ராஜம் அக்காவுக்கு ஒரு தினுசு லேஸ். அதற்கு மாதிரித் துண்டு வேறு வெட்டிக் கொடுத்தாள். மாதா கோயிலுக்கு ஒரு சாமான், தெருக்காரர்கள் கவர் மூன்று.

கடைசியாக அண்ணன் வந்தார். மகனுடைய சான்றிதழ் கவர் ஒன்றைக் கொடுத்து, ஆபீஸில் சேர்த்துவிட்டு முத்திரை வாங்கி வரச் சொன்னார். மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். கடலூர் ரோட்டில் அவருடைய கண் நின்றது.

"இங்க எதுக்கு? அதான் நான் அப்பவே பார்த்தேனே."

"பாப்பா பார்க்கட்டும்ண்ணே" என்றேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏன் அவசரம் என்று நான் நினைக்கக்கூட இல்லை, தலைக்குள் அவ்வளவு இரைச்சல்.

வியாழன் ராத்திரிக்குள் வேலை ஒன்பது ஆகிவிட்டது. எல்லாம் ஒரு மஞ்சப்பையில் ஏறிக்கொண்டன. சார்லஸ் திட்டத்தை ஐந்தாவது தடவை எழுதினார். ஆஸ்பத்திரி ஒரு மூலை, ஆபீஸ் நடுவில், மொத்தக் கடை இன்னொரு கோடி. தாளில் அம்புக்குறிகள் போய் முட்டி, வளைந்து, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றன. சுண்ணாம்பாறு காணாமல் போயிருந்தது. ஒன்றாம் காலேஜுக்கும் குமிழ்க் காலேஜுக்கும் நடுவில் லேஸ் நுழைந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"அப்பா, இதுல காலேஜ் எங்க இருக்கு?" என்று சில்வியா கேட்டாள். மூன்று பேரும் தாளைத் திருப்பித் திருப்பித் தேடினோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பாண்டியில் இறங்கினோம். "ஆபீஸ் தொறக்கிற நேரம், முதல் ஆளா நின்னு ஃபைலைப் பார்த்துட்டா நாளெல்லாம் நிம்மதி" என்றார் சார்லஸ். சரி என்று போனோம். முதல் மேசைக்காரர் மூன்றாவது மேசையைக் காட்டினார். மூன்றாவது மேசைக்காரர் மாடியைக் காட்டினார். மாடியில் இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார், அவர் வந்ததும் முதல் மேசையைக் காட்டினார். எங்கே ஆரம்பித்தோம், எங்கே நிற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. சில்வியா படிக்கட்டில் உட்கார்ந்து போனில் குமிழ்ப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் காலேஜுக்கு நாங்கள் போனபோது மணி ஒன்று. லேபைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். சில்வியா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "என்னடி தெரியுது?" என்றேன். "ஸ்டூல்" என்றாள். ரெண்டு மணிவரை இருக்கலாம் என்றேன் நான். ரெண்டு மணிக்குள் அண்ணனுடைய கவருக்கு முத்திரை வாங்கவேண்டும் என்றார் அவர். வாங்கினோம். அப்புறம் லேஸ். மாதிரியில் இருந்தது ரோஜாப்பூவா தாமரையா என்று கடைக்காரருக்கும் சார்லஸுக்கும் அரைமணி நேரம் வழக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

குமிழ்க் காலேஜ் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபது. பார்வையாளர் நேரம் நாலு மணியோடு முடிந்தது என்றார் காவலாளி.

"அண்ணே, காரைக்கால்லேருந்து வர்றோம், அஞ்சு நிமிஷம் விடுங்களேன்" என்றார் சார்லஸ்.

"திங்கட்கிழமை வாங்க சார். சனி, ஞாயிறு கிடையாது."

மரத்துக்கு மேலே குமிழின் உச்சி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சில்வியா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பீச்சில் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. சார்லஸ் பையைத் திறந்து, "அஞ்சு முடிஞ்சுது, இன்னும் நாலுதான்" என்று கணக்கு ஒப்பித்தார்.

"ஏங்க, நாம எதுக்கு வந்தோம்? சொல்லுங்க, எனக்கே மறந்துபோச்சு" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரி எழுந்து தள்ளிப் போய்விட்டாள். என் சத்தம் அப்படி.

சனிக்கிழமை காலை சார்லஸ் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். அவரைக் காணாமல் நாங்கள் தேட, எங்களைக் காணாமல் அவர் தேட, கடைசியில் மாத்திரை கவுண்டர் அன்றைக்குத் திறக்காது என்று தெரிந்தபோது மணி பன்னிரண்டு. மொத்த மருந்துக்கடை இடம் மாறியிருந்தது. பெட்டி அப்படியே கையில் கனத்தது. ரெண்டு மணிக்கு வண்டி.

"ஜோஸ்பின், கோவிச்சுக்காத. கடலூர் ரோட்டுக் காலேஜை விட்டுடலாமா? அதுதான் உங்கண்ணன் பார்த்ததாச்சே. தண்ணி சரியில்லைன்னு தெரிஞ்சதுதானே" என்றார் சார்லஸ்.

"விடும்மா. மாமாதான் பார்த்திருக்காருல்ல" என்றாள் சில்வியா. சுரத்தே இல்லாமல் சொன்னாள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பையை அவர் கையில் திணித்தேன். "நீங்க இந்த ஊர் வேலையைக் கட்டிக்கிட்டு இங்கேயே நில்லுங்க. இவ ஒரு காலேஜையாவது கால் வெச்சுப் பார்க்காம நான் வண்டி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அந்தக் கல்லூரி வாசலில் இறங்கினோம். பதினேழு வயசில் நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த கட்டடம் வேறு, இது வேறு. மஞ்சள் சுண்ணாம்பு, நீளமான வராண்டா, ஒரு நாகலிங்க மரம். லேப் திறந்திருந்தது. ஒரு மேடம் சில்வியாவை உள்ளே கூட்டிப் போனார். நான் ஹாஸ்டல் பக்கம் நடந்தேன். சமையற்கட்டு வாசலில் ஒரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

பித்தளைச் சொம்பில் மொண்டு கொடுத்தார். குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன்.

"என்னம்மா, தண்ணி நல்லா இல்லையா?"

"இது ஏதாவது கேன் தண்ணிங்களா?"

"கேனா? இதோ இந்தக் கெணறுதான். நான் வந்து முப்பது வருஷம் ஆவுது, அன்னிலேர்ந்து இதே தண்ணிதான். பக்கத்துத் தெருவுலேர்ந்துகூட வந்து புடிச்சிட்டுப் போவாங்க. கல்கண்டு மாதிரி இருக்கும்."

சேசு மரி சூசையே! நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமே புரியவில்லை. வேறு கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தாரா? வேறு குழாயில் குடித்தாரா? ஒருவேளை நான்தான் காதில் தப்பாக வாங்கினேனா? இல்லை, அவர் கால் கழுவினது, வேட்டி நுனியில் துடைத்தது, ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. எழுந்து என் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்து, அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன்.

சில்வியா வந்தாள். "எப்படிடி இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

"நல்லா இருக்கும்மா. ஆனா..." என்று இழுத்தாள். "கோவிச்சுக்காத. எனக்கு அந்தக் குமிழைப் பார்க்காம எதையும் சொல்ல முடியல."

கோபம் வரவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறாள். அதைத்தானே நான் கேட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாட்டில் ஒரு கையில், மஞ்சப்பை ஒரு கையில். அண்ணி கறி நறுக்கிக்கொண்டிருந்தார். பூசையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்த அண்ணனுக்கு முன்னால் ஒரு டம்ளரில் தண்ணீரை ஊற்றி வைத்தேன்.

"வெயில்ல வந்தீங்களேண்ணே. குடிங்க."

மடமடவென்று குடித்தார். "நல்லா இருக்கே! எங்க புடிச்ச?"

"கடலூர் ரோட்டுல. என் ஹாஸ்டல் கெணத்துல."

டம்ளரை வைக்கப் போன கை அப்படியே நின்றது. உள்ளே அண்ணியின் கத்திச் சத்தமும் நின்றது.

"நீங்க அன்னிக்கு அங்க போனீங்களா, இல்லையாண்ணே?"

டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். "மொதல்ல காலேஜுக்குத்தான் போவணும்னு இருந்தேன் ஜோசு. கையில பை இருந்துச்சு. பதினோரு வேலை. அப்பா சாவுக்கு ஊரே வந்து நின்னுச்சு, அவங்க கேட்டா முடியாதுன்னு எப்புடிச் சொல்றது? இதை முடிச்சுட்டுப் போவலாம், இதை முடிச்சுட்டுப் போவலாம்னு ஓடுனேன். பத்து முடிஞ்சுது. பார்த்தா மணி அஞ்சு. கடைசி வண்டி அஞ்சே காலுக்கு."

"பதினொண்ணாவது?"

"நீதான்."

"அப்ப தண்ணி?"

"வர்ற வழியில ஒரு டீக்கடையில தண்ணி குடிச்சேன். உப்புக் கரிச்சுது. வீட்டுக்கு வந்தா நீ வாசல்லயே நிக்கிற. வாய்ல அதுதான் வந்துச்சு."

"இன்னொரு நாள் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். நீ ஒரு வார்த்த எதிர்த்துக் கேட்டிருந்தா மறுநாளே போயிருப்பேன். சரிண்ணேன்னு உள்ள போயிட்ட. அதுக்கப்பறம் சொல்ல எனக்கு வாயி வரல."

அழுதேனா கத்தினேனா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு, "ஏன் சொல்லல நீ? ஊரான் வேலை பத்து முடிஞ்சுது, என் வேலைக்கு நேரம் இல்லையா உனக்கு? ஒரு டீக்கடைத் தண்ணிக்கு என் படிப்பைக் கொடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டேன். அண்ணி அடுப்படி வாசலில் வந்து நின்றார், ஆனால் என்னைத் தடுக்கவில்லை. அண்ணன் தலை நிமிரவே இல்லை. அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, மீசை முழுக்க வெள்ளை. பாவமாக இருந்தது, பாவம் பார்க்கிறேனே என்று என்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

மஞ்சப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவருடைய கவரை மட்டும் முத்திரையோடு வெளியே எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல இன்னும் நாலு வேலை மிச்சம் இருக்கு. லோகாம்பாள் அக்கா ஃபைலு, பாயோட பெட்டி, செல்லையன் தாத்தா மாத்திரை, கோயிலுக்கு ஒரு சாமான். நாளைக்குக் காலையில நானும் பாப்பாவும் மறுபடி பாண்டி போறோம், குமிழ்க் காலேஜ் பார்க்க. இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு நீ வர்ற."

"எத்தன மணி வண்டிம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

திங்கட்கிழமை விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் ராஜம் அக்கா எதிரே வந்துவிட்டாள். "எங்க ஜோஸ்பினு, மறுபடியும் பாண்டிக்கா?" "இல்லக்கா, நாகூருக்கு" என்றேன், கண் இமைக்காமல். சார்லஸ் வேன் ஓட்டவேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார், நல்லவேளை. அண்ணன் முன்சீட்டில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேரமும் நான் அவரோடு பேசவில்லை. பாண்டியில் இறங்கியதும் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

பத்தரைக்கு உள்ளே போன சில்வியாவை மூன்று மணிவரை எனக்குக் கண்ணில் காட்டவில்லை. ஒரு இளவயது சார், மாடிக்குக் கூட்டிப் போய்த் தொலைநோக்கியின் உறையைக் கழற்றிக் காட்டினாராம். பகலில் நட்சத்திரம் ஏது? தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்காயின் கண் தெரிந்ததாம். "அது கண்ணு சிமிட்டுச்சும்மா! உள்ளேர்ந்து ஒரு வெள்ளைத் தோலு வந்து மூடுது!" என்று ஓடி வந்து சொன்னாள். ஒரு மாசமாக இந்த முகத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று இருபதுக்கு வாசலில் அண்ணன். சட்டையெல்லாம் வியர்வை.

"மூணு முடிஞ்சுது. லோகாம்பாள் ஃபைலு மட்டும் நிக்குது. வரிசையில எனக்கு முன்னால ரெண்டே பேருதான் இருந்தாங்க. வந்துட்டேன்."

"எதுக்கு வந்த?"

"காலேஜு பார்க்க."

கையை நீட்டினேன். "அதோ ஹாஸ்டல் வாசல்ல குழாய் இருக்கு. போய்க் குடிச்சுட்டு வந்து சொல்லு. இந்தத் தடவை குடிச்சுட்டுச் சொல்லு."

போனார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். நின்றார். மறுபடியும் ஏந்திக் குடித்தார். அப்புறம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

"சொன்னா நீ நம்ப மாட்ட ஜோசு."

"சொல்லு."

"மாதா சத்தியமா, உப்பு."

நான் போய்க் குடித்தேன். உப்புதான்! எங்கள் வீட்டு மோட்டார் தண்ணி இதற்கு இளநீர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியில் நின்று கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வியா போனும் கையுமாக வந்தாள். "என்னம்மா?"

"ஹாஸ்டல் தண்ணி உப்புக் கரிக்குதுடி" என்றேன்.

அவளும் ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

அந்தக் குழாய்த் திட்டிலேயே உட்கார்ந்து, அந்தக் கல்லூரியை முதலில் போட்டு அனுப்பினாள். அப்போது மணி நாலுகூட ஆகவில்லை.